அமுக்கரா ஓட்டத்துக்கும் உடல்வலிக்கும் உதவுமா? திடலிலேயே சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்புத் திடலில் வாரம் மூன்று சாயங்காலம் காற்பந்துப் பயிற்சி நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேரின் தாத்தா பாட்டிகள் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். இன்றைக்கும் சிலர் செம்பனையில் குலை வெட்டிவிட்டு, குளித்த ஈரத்தோடு நேராகத் திடலுக்கு வருகிறார்கள். நான் பகலில் ஈப்போவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், சாயங்காலம் இவர்களோடு ஓடுகிறேன். கொஞ்ச நாளாகத் திடலோரத்தில் தண்ணீர் போத்தல்களுக்குப் பக்கத்தில் மாத்திரைப் போத்தல்களும் முளைத்துவிட்டன. பெரும்பாலும் அமுக்கரா. ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

அமுக்கராவும் அசுவகந்தாவும் ஒன்றா?

ஒன்றேதான். போத்தலில் ‘அஷ்வகந்தா’ என்று அச்சடித்திருப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராங் கிழங்கு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வேர்தான் மருந்து. சூரணமாக இடித்துப் பாலில் கலந்து கொடுப்பது சித்த வைத்தியத்தில் பழைய வழக்கம். வடமொழியில் அசுவம் என்றால் குதிரை, கந்தம் என்றால் வாடை. வேரில் குதிரை வாடை வீசும் என்பதால் வந்த பெயர். இந்த வாடையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை செய்யும்போது இதுதான் நமக்குப் பெரிய தொந்தரவு.

அண்ணே, நான் சாப்பிட ஆரம்பித்த மூன்றாவது வாரமே 2.4 கிலோமீட்டரில் முக்கால் நிமிடம் குறைந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்?

அந்த முக்கால் நிமிடத்தை நான் நம்புகிறேன். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் சந்தேகம்.

மாத்திரை வாங்கிய அதே வாரத்தில் வேறு என்னென்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். எண்பது வெள்ளி போட்டு வாங்கியாயிற்று, வீணாகக் கூடாது என்று பயிற்சிக்கு ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. மாமாக் உணவுக்கடையில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டு நடுநிசிவரை உட்காரவில்லை. முதல் ஓட்டத்தில் ஆரம்பத்திலேயே பாய்ந்து கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கினீர்கள், இரண்டாவது முறை எங்கே அடக்கி ஓட வேண்டும் என்று கால் கற்றுக்கொண்டுவிட்டது. இன்னொன்றும் உண்டு. தீபாவளிப் பலகாரம் எல்லாம் முடிந்து, இரண்டு மாதம் திடல் பக்கமே வராமல் உடம்பு கனத்துப்போன சமயத்தில்தான் எல்லோருக்கும் மருந்து நினைப்பு வருகிறது. அப்படி அடிமட்டத்தில் தொடங்கினால், எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பு அங்கிருந்து மேலே வரத்தான் செய்யும்.

அப்புறம் நம்பிக்கை. அமெரிக்காவில் 1972இல் வெளியான ஓர் ஆய்வில், எடை தூக்கும் இளைஞர்களிடம் ‘உங்களுக்குத் தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு தருகிறோம்’ என்று சொல்லி, மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட வாரங்களில் அவர்கள் முன்பைவிட வேகமாகப் பலம் கூடினார்கள். ஏமாளிகள் என்று அவர்களைச் சிரிக்காதீர்கள். அந்தக் கிலோக்கள் அவர்கள் நிஜமாகத் தூக்கியவை.

ஆகவே யார் வந்து ‘எனக்கு வேலை செய்தது’ என்றாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: எதோடு ஒப்பிட்டு?

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? சும்மா விளம்பரம்தானா?

விளம்பரம் மட்டும் என்று தள்ளிவிட முடியாது. மூலிகைகளில் ஓரளவு முறையாகச் சோதிக்கப்பட்டவற்றில் அமுக்கராவும் ஒன்று.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2015இல் இந்தியாவில் வெளியான ஆய்வு. எடைப் பயிற்சியில் அதிகப் பழக்கமில்லாத 57 ஆண்கள். ஒரு பாதிக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாறு (வேரின் சத்தைப் பிரித்தெடுத்தது) தினம் இரண்டு வேளை, மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. எட்டு வாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரியான பயிற்சி. முடிவில் மல்லாந்து படுத்துத் தூக்கும் எடையில் அமுக்கரா சாப்பிட்டவர்கள் சராசரியாக 46 கிலோ கூடியிருந்தார்கள். விளம்பரத்தில் இந்த 46 மட்டும் பெரிய எழுத்தில் வரும். மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்கள் எவ்வளவு கூடினார்கள் தெரியுமா? 26.4 கிலோ. அதாவது கூடிய பலத்தில் பாதிக்கு மேல் வெறும் பயிற்சி கொடுத்தது. மீதி சுமார் 20 கிலோவைத்தான் மருந்தின் கணக்கில் வைக்கலாம். அதுவும் புதிதாக எடை தூக்கத் தொடங்கியவர்களிடம் கிடைத்தது. பத்து வருடமாக ஆடுகிறவருக்கு அதே அளவு கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2012இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இந்திய மிதிவண்டி வீரர்கள் 40 பேரிடம் நடந்தது. தினம் 500 மில்லிகிராம் இரண்டு வேளை, எட்டு வாரம். உடம்பு உள்ளிழுத்துப் பயன்படுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு கூடியது. ஓட்டக்காரருக்கு மிகவும் வேண்டிய அளவு அது.

என் கருத்தைக் கேட்டால்: நம்பிக்கை தரும் ஆரம்பம், ஆனால் சின்ன ஆய்வுகள், சில வாரங்கள். நாற்பது ஐம்பது பேரிடம் பளிச்சென்று தெரிந்த பலன், ஆயிரம் பேரிடம் சோதிக்கும்போது சுருங்கிப்போன கதைகள் மருத்துவத்தில் நிறைய. ஆகவே போத்தலைத் தூக்கி எறியவும் சொல்ல மாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் சொல்ல மாட்டேன்.

போத்தல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பதிவு எண்ணைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நம் நாட்டில் மாத்திரையாகவோ காப்ஸ்யூலாகவோ விற்கும் பாரம்பரிய மருந்து, சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் பதிவாகியிருக்க வேண்டும். பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். ‘டி’ என்று முடிந்தால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்று முடிந்தால் சத்துணவுச் சேர்க்கை. கூடவே ஃபார்மாடேக் என்ற மினுங்கும் ஒட்டுவில்லை இருக்கும். எண்ணை முகமையின் இணையத் தேடலில் போட்டு, அங்கே வரும் பெயரும் கையில் இருக்கும் பெட்டியின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறு மருந்தின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பதிவு ஆனதால் ‘இது ஓட்டத்தைக் கூட்டும்’ என்று அரசு சான்று கொடுத்துவிட்டதாக அர்த்தமில்லை. பாரம்பரிய மருந்துக்கு முக்கியமாகப் பார்ப்பது தரமும் பாதுகாப்பும்தான். கன உலோக வரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 என்ற அளவுகளைத் தாண்டக் கூடாது. வேர் மருந்து மண்ணிலிருப்பதை உறிஞ்சி வளர்வது, ஆகவே இந்தச் சோதனை நமக்கு அவசியம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் அப்பா. முப்பது வருடம் தோட்ட வேலை, முட்டி தேய்ந்துவிட்டது. இரவுச் சந்தையில் யாரோ ‘நூறு சதவீதம் மூலிகை’ என்று சொல்லி ஒரு போத்தல் விற்றார்கள். அதில் பதிவு எண் கிடையாது. சாப்பிட்ட மூன்றாவது நாள் அப்பா மாடிப்படி ஏறினார், எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இரண்டு மாதத்தில் முகம் நிலா மாதிரி உருண்டுவிட்டது, கை மெலிந்தது, சர்க்கரை எகிறியது. கிளினிக்கில் டாக்டர் முகத்தைப் பார்த்தவுடனே ‘வலிக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், கொண்டுவந்து காட்டுங்கள்’ என்றார். ஸ்டீராய்டு கலந்த பொருள் என்பது அவருடைய முடிவு. திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து என்று, தானே மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தார். டெக்ஸாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்த பதிவில்லா ‘மூலிகை’ வலிமருந்துகளைப் பற்றிச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மூலிகை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், போத்தலை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள்.

தூள் நல்லதா, சாறு எடுத்த காப்ஸ்யூல் நல்லதா?

சோதனைக்குக் காப்ஸ்யூல். ஆய்வுகள் பெரும்பாலும் சாற்றை வைத்து நடந்தவை. சூரணத்தை மூன்று முதல் ஆறு கிராம் என்று கொடுப்பார்கள், சாற்றை மில்லிகிராமில் கொடுப்பார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 600 மில்லிகிராம் ‘வேர்த்தூள்’ என்று அச்சடித்த போத்தல், ஆய்வில் கொடுத்த 600 மில்லிகிராம் சாற்றுக்கு ஈடாகாது. வித்தனோலைடு எத்தனை சதவீதம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் இந்த வேரில் அளக்கப்படும் பொருள்.

நானே எப்படி ஒழுங்காகச் சோதிப்பது?

நீங்கள் பதினெட்டு வயது தாண்டியவர், கீழே சொல்லப்போகும் நோய்கள் எதுவும் இல்லை, டாக்டரிடமோ மருந்தாளரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அடிப்படை இதுதான்: எட்டு வாரம் மருந்து, நான்கு வாரம் இடைவெளி, எட்டு வாரம் வெறும் மாவு அடைத்த காப்ஸ்யூல். எது முதலில் என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. உங்களுக்கு நேரம் பிடிக்கும் நண்பருக்கும் தெரியக் கூடாது. பந்தயக் கடிகாரத்தை அரை வினாடி தாமதமாக அமுக்குவதற்கு ஆசை ஒன்றே போதும், கெட்ட எண்ணம் தேவையில்லை.

மூன்றாவது ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு அது என் அக்கா. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் நாளிதழை விரித்து, உள்ளே இருப்பது வெளியே தெரியாத வெள்ளை நிறக் காலிக் காப்ஸ்யூல்களைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மருந்துக் காப்ஸ்யூலைத் திறந்து அதிலிருப்பதைச் சிந்தாமல் வெள்ளைக் காப்ஸ்யூலுக்கு மாற்றினாள். இன்னொரு குவியலில் லேசாக வறுத்த அரிசி மாவு. எங்களை உள்ளே விடவில்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, எந்த வரிசை என்று ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிச் சாமி மேடையில் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்துவிட்டாள். போத்தல்களில் 1, 2 என்று மட்டும் எழுதியிருந்தது.

முதல் நாளே கெட்டுப்போனது. மூடியைத் திறந்து மோந்தவுடன், என்னோடு சேர்ந்து சோதனை செய்த நண்பன், ‘இதில் மருந்து இல்லை, அரிசி மாவு வாசம்’ என்றான். குதிரை வாடை இல்லாத போத்தல் தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிட்டது. அக்கா சலிக்காமல் இன்னொரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி அடைத்தாள், வரிசைக்கு மறுபடியும் நாணயம் சுண்டினாள். இந்த முறை இரண்டு போத்தலிலும் கொஞ்சம் அமுக்கராத் தூளைச் சின்னத் துணியில் முடிந்து மூடிக்கு அடியில் வைத்தாள். வாடை சமமாகிவிட்டது. ஏப்பத்தில் வருவதை மட்டும் தடுக்க முடியாது. ஆகவே சாப்பாட்டோடு விழுங்கினோம், அன்றைக்கு ரசத்தில் பூண்டு தூக்கலாக இருந்தால் இன்னும் நல்லது.

ஏன் வரிசையை நாணயத்திடம் விட வேண்டும் என்று ஒரு தம்பி கேட்டார். பயிற்சி நிற்காமல் நடப்பதால் இருபதாவது வாரத்தில் எப்படியும் எட்டாவது வாரத்தைவிட நன்றாக ஓடுவீர்கள். மருந்தை எப்போதும் இரண்டாவதாக வைத்தால் பயிற்சியின் பலனும் மருந்தின் பெயரில் போய்ச் சேரும். ஒரே ஆளிடம் இந்தக் குறை முழுதாக நீங்காது. நாணயம் செய்வது, யார் கையும் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்க்காமல் பார்த்துக்கொள்வது.

எதை அளக்க வேண்டும்?

தொடங்குவதற்கு முன்பே ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி வையுங்கள். பத்து விஷயத்தை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாக நன்றாகத் தெரியும், பிறகு அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவோம்.

2.4 கிலோமீட்டர் ஓட்டம் எங்களுக்குத் தோதாக இருந்தது. இடம் சின்னதாக இருந்தால் 20 மீட்டர் ‘பீப்’ ஓட்டம், அதாவது ‘பீப்’ ஒலிக்கு ஏற்ப இருபது மீட்டருக்குள் போய்த் திரும்பி ஓடுவது. வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி ஒவ்வொரு நிலைக்கும் அரைக் கிலோமீட்டர் கூடும். பள்ளியில் செகாக் சோதனைக்கு பெஞ்சில் ஏறி இறங்கியதும் தண்டால் எடுத்ததும் நினைவிருக்கும். அதேபோல எளிமையாக, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்யக்கூடியதாக இருந்தால் போதும்.

மிக முக்கியமான வேலை மருந்துக்கு முன்னால் இருக்கிறது. எதுவும் சாப்பிடாமல் ஒரு வார இடைவெளியில் மூன்று முறை ஓடுங்கள். எனக்கு வந்தது 12 நிமிடம் 31 வினாடி, 12:10, 12:22. மருந்து இல்லை, மந்திரம் இல்லை, ஆனாலும் இருபத்தொரு வினாடி ஆட்டம். இதுதான் என் உடம்பின் இயல்பான ஏற்ற இறக்கம். இதற்குள் அடங்கும் எந்த முன்னேற்றத்தையும் நான் முன்னேற்றம் என்று சொல்லக் கூடாது.

அதே காலணி, அதே திடல், அதே நேரம். மூன்று மணி வெயிலில் ஒரு முறையும் ஆறரை மணிக் காற்றில் ஒரு முறையும் ஓடினால் நீங்கள் சோதிப்பது வெயிலை. ஓடுவதற்கு முன் கோப்பி குடிப்பவர் எல்லா முறையும் குடியுங்கள், இல்லாவிட்டால் ஒரு முறையும் வேண்டாம். காப்பீன் ஓட்டத்துக்கு உதவும் என்பது அமுக்கராவைவிட உறுதியாகத் தெரிந்த விஷயம்.

உடல்வலி குறைகிறதா என்பதை எப்படி அளப்பது? வலிக்கு அளவுகோல் கிடையாதே?

உண்டு. பூஜ்யம் முதல் பத்துவரை நீங்களே போடும் மதிப்பெண்தான் அது. ஆய்வாளர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி அன்றைக்கே உச்சத்துக்குப் போகாது. பெரும்பாலும் 24 மணியிலிருந்து 72 மணிக்குள்தான் அதிகமாகத் தெரியும். ஆகவே ஒரே அளவு குந்துப் பயிற்சி செய்துவிட்டு மறுநாள், அதற்கு மறுநாள், மூன்றாம் நாள் என்று மதிப்பெண் போடுங்கள். காலையில் எழுந்து முதல் முறை படி இறங்கும்போது போட்டால் நல்லது. படுத்துக்கொண்டு யோசித்தால் வலி குறைவாகத் தோன்றும். முதல் வாரத்தில் எட்டு போட்டது நான்காம் வாரத்தில் மூன்றாகிவிட்டதே என்று துள்ளாதீர்கள். ஒரே பயிற்சியைத் திரும்பச் செய்யும்போது தசை தானாகவே பழகி வலி குறையும். இங்கேயும் மாவுப் போத்தல் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

எந்த மாதங்களைத் தவிர்க்கலாம்?

தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்கள் அந்தச் சமயத்தை விட்டுவிடுங்கள். உணவு மாறும், தூக்கம் மாறும், காவடி எடுப்பவருக்குக் காலும் தோளும் வேறு கதை. குழுவில் உள்ள மலாய் நண்பர்களுக்கு நோன்பு மாதம் அதே போல. அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழை திடலைச் சேறாக்கிவிடும். 2015இலும் 2019இலும் வந்தது போலப் புகைமூட்டம் வந்தால் சோதனையையும் பயிற்சியையும் சேர்த்தே நிறுத்துங்கள். குலை வெட்டுபவர்கள் அந்த வாரம் எத்தனை நாள் வேலை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். காலை முழுக்க நீளக் கம்பைத் தூக்கிக் குலை அறுத்த தோளுக்கும் ஓய்வெடுத்த தோளுக்கும் ஒரே மதிப்பெண் வராது.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியாதா?

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தசை சிதையும்போது கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கூடும். ஆய்வுகளில் ‘மீட்சி வேகமாக இருந்தது’ என்று எழுதுவது பெரும்பாலும் இது குறைவாக ஏறியதை வைத்துத்தான். ஆனால் ஒரே பயிற்சிக்கு ஒருவருக்கு நூற்றுக்கணக்கிலும் இன்னொருவருக்கு ஆயிரக்கணக்கிலும் ஏறும். எந்த நாளில் ரத்தம் எடுத்தோம் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். தனி ஆளுக்கு ஒரே ஒரு முறை எடுத்துப் பார்ப்பதால் அதிகம் தெரியாது. காசுக்குக் கேடு.

எடுக்க வேண்டிய ரத்தம் வேறு: கல்லீரல் சோதனை, தொடங்கும் முன் ஒன்று. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்லீரல் நொதிகள் என்று நாம் சொல்லும் ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் தசையிலும் இருக்கின்றன. பழக்கமில்லாதவர் கடுமையாக எடை தூக்கினால் ஒரு வாரம்வரைகூட இவை உயர்ந்தே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை ரத்தம் கொடுத்து, முடிவைப் பார்த்து வீடே அழுது தீர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் கடும் பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டு ரத்தம் கொடுங்கள். என்ன மூலிகை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்லீரலுக்கு ஏன் சோதனை? மூலிகைதானே?

அமுக்கரா சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அரிது, ஆனால் உண்மை. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட ஐந்து பேரைப் பற்றி 2020இல் மருத்துவர்கள் எழுதினார்கள். டென்மார்க் 2023இல் அமுக்கராவைத் தடையே செய்தது. உடம்பெல்லாம் அரிப்பு, கண் மஞ்சள், சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறம், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். எட்டு வாரக் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உறைக்குள் இருக்கும் விடையைவிடக் கல்லீரல் பெரிது.

யார் தொடவே கூடாது?

கர்ப்பிணிகள். பால் கொடுக்கும் தாய்மார்கள். தைராய்டுக் கோளாறு உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் மருந்து சாப்பிடுகிறவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், அமுக்கரா இரண்டையும் இன்னும் இறக்கக்கூடும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது, அவர்களில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. நம் வீடுகளில் நிலைமை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் விரலில் குத்திப் பாருங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. முட்டை, பருப்பு, ஒன்பது மணி நேரத் தூக்கம்.

எங்கள் குழுவில் இருபது பேர். எல்லோரையும் வைத்துப் பெரிதாகச் சோதிக்கலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் நீங்கள் உங்கள் உடம்பில் சோதிப்பது ஒன்று, பயிற்சியாளராக இருந்துகொண்டு அடுத்தவர் பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பது இன்னொன்று. ‘வேண்டாம்’ என்று சொன்னால் அணியில் இடம் போய்விடுமோ என்று பயப்படுகிற பையன் மனதார ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஆட்களிடம் மருந்தைச் சோதித்து ஆய்வாக வெளியிட வேண்டுமென்றால் நெறிக்குழுவின் அனுமதி வேண்டும், தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். அந்த வழியில் போக விருப்பமிருந்தால் ஏதாவது பல்கலைக்கழக விளையாட்டு அறிவியல் துறையை அணுகுங்கள். தோட்டப்புற இளைஞர்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தால் என்னைவிட யாருக்கும் சந்தோஷம் இருக்காது.

சுக்மாவுக்கு (மலேசிய விளையாட்டுப் போட்டி) தேர்வாகும் வாய்ப்பு இருக்கிறது. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவேனா?

அமுக்கரா உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. தொங்காட் அலி என்ற நம் ஊர் மூலிகையும் இல்லை. ஆனால் போத்தலில் எழுதாமல் உள்ளே கலந்திருப்பது மாட்டிவிடும். ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் அங்கே செல்லாது, உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது.

நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை: பத்தாவாலி. சர்க்கரைக்கு நல்லது என்று வேலியோரம் படரவிட்டிருப்பார்களே, தண்டெல்லாம் மரு மருவாக இருக்கும் கசப்புக் கொடி, அதுதான். சீந்தில் கொடியின் நெருங்கிய சொந்தம், பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். பத்தாவாலியில் ஹிஜெனமைன் என்ற பொருள் இருக்கிறது. அது 2017 முதல் பெயர் குறிப்பிட்டே தடைப் பட்டியலில் இருக்கிறது, போட்டி நாள் மட்டுமல்ல, எல்லா நாளும். பாட்டி அன்போடு கொடுத்த கஷாயம் என்பதை ஆய்வகம் பார்க்காது. சோதனைக்கு உட்படும் நிலையில் இருக்கும் வீரர்கள் எந்த மூலிகையையும் தொடுமுன் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் கேட்டுவிடுங்கள்.

காப்ஸ்யூல் சைவமா?

உறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டிலிருந்தோ வேறு விலங்கிலிருந்தோ வருவது. தாவர நாரில் செய்த உறையும் கிடைக்கிறது, பெட்டியில் எழுதியிருக்கும். காலிக் காப்ஸ்யூல் வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்குங்கள்.

அடுப்படியில் இருக்கும் இஞ்சி, மஞ்சளைச் சோதிக்கக் கூடாதா?

தாராளமாக. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 2010இல் வெளியான ஆய்வில், தினம் இரண்டு கிராம் இஞ்சியை 11 நாள் சாப்பிட்டவர்களுக்குக் கடும் பயிற்சிக்குப் பிறகான கைவலி ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. பச்சை இஞ்சி, சூடாக்கிய இஞ்சி இரண்டிலும் பலன் தெரிந்தது. மஞ்சளை உடம்பு லேசில் உறிஞ்சாது. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் 20 மடங்குவரை கூடியதை 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. பாட்டி மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் மிளகு மற்ற மருந்துகளையும் அதேபோல அதிகமாக உள்ளே விடும் என்பதால், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மஞ்சள்-மிளகுக் காப்ஸ்யூலை மருந்தாளரிடம் காட்டிவிட்டு எடுங்கள்.

உங்கள் சோதனையில் என்ன வந்தது, அதைச் சொல்லுங்கள்.

ஒரு போத்தலின் முடிவில் 11:58, இன்னொரு போத்தலின் முடிவில் 11:49. ஒன்பது வினாடி வித்தியாசம். என் இயல்பான ஏற்ற இறக்கமே இருபத்தொன்று என்று மேலே சொன்னேன், ஆகவே ஓட்டத்தைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது. இரண்டிலுமே தொடக்கத்தைவிட வேகமாக ஓடினேன், அது இருபது வாரம் தவறாமல் திடலுக்கு வந்ததால் என்று நம்புகிறேன். கால்வலி மதிப்பெண் ஒரு போத்தலில் சராசரியாக ஒரு புள்ளி குறைவு. தூக்கமும் அந்த வாரங்களில் நன்றாக இருந்ததாக என் குறிப்பேடு சொல்கிறது. அதுதான் மருந்துப் போத்தல் என்று பிறகு தெரிந்தது. ஒரு புள்ளி பெரிதா சிறிதா? என் ஒருவனை வைத்து முடிவு கட்ட மாட்டேன். நண்பனுக்கு இரண்டு போத்தலிலும் வித்தியாசமே இல்லை.

உறையை எப்போது பிரிக்கலாம்?

கடைசி ஓட்டம் ஓடி, நேரத்தையும் வலி மதிப்பெண்களையும் கூட்டி எழுதி, இன்னொருவர் அதைச் சரிபார்த்த பிறகு. அதற்கும் முன் இன்னொன்றைச் செய்யுங்கள்: எந்தப் போத்தலில் மருந்து இருந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். சரியாகக் கண்டுபிடித்திருந்தால் வாடையோ ஏப்பமோ காட்டிக் கொடுத்திருக்கலாம், அப்போது மதிப்பெண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். நாங்கள் பிரித்தது ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய பிறகு. அக்கா தாளை நீட்டினாள், குங்குமம் ஒட்டியிருந்தது. நான் தப்பான போத்தலைத்தான் எழுதியிருந்தேன்.